நூற்றுத் தொண்ணூறு பாகை

ஞானதாஸ் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். அதனால் முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது பாகை வரும் என்ற விஷயம் அவருக்கு நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. தெரியாமலே இருபத்தெட்டு வருஷம் சாந்தோமில் தச்சுவேலை செய்து குடும்பம் நடத்திவிட்டார். கூரைச் சட்டத்தில் இரண்டு மூலைகளைச் சரியாக அறுத்துவிட்டால் மூன்றாவது மூலை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அதைக் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம் என்பது அவர் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தார். 1995 ஜூன் மாதம் அது போதாமல் போயிற்று.

அவருடைய ஒரே மகள் டீனா பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தமிழில் எழுபத்தொன்பது, அறிவியலில் அறுபத்தாறு, ஆங்கிலத்தில்கூட ஐம்பத்திரண்டு வாங்கியிருந்தாள். கணக்கில் முப்பத்துமூன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். டீனா கணக்கில் புலி என்று யாரும் சொன்னதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றில், முக்கோணத்தின் இரண்டு கோணங்கள் ஐம்பது, அறுபது என்று கொடுத்து மூன்றாவதைக் கேட்டிருந்தார்கள். எழுபது என்று எழுதியிருந்தாள். அது மட்டும் சத்தியமாகச் சரி என்று மாதாமேல் ஆணையிட்டாள்.

ஞானதாஸ் ஆணையை நம்பினார். ஆனாலும் தொழில்காரர் ஆயிற்றே. ஓட்டுக்கூரைக்கு அடிக்கிற ரீப்பர் கட்டைகளில் மூன்றை எடுத்து ஒரு மூலை ஐம்பதுக்கும் ஒரு மூலை அறுபதுக்கும் அறுத்துப் பொருத்தினார். டீனா தன் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து மூன்றாவது மூலையில் வைத்தாள். எழுபது. எந்த முக்கோணமானாலும் கூட்டினால் நூற்றெண்பதுதான் வரும் என்று அவள் சொல்லி அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. இவ்வளவு காலம் தன்னோடு வேலைசெய்த ஆளின் பெயரை இப்போதுதான் கேட்டதுபோல் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மயிலாப்பூரில் டீனாவின் கணக்கு டீச்சர் விசாலாக்ஷி வீட்டுக்குப் போனார். அந்த வருஷம் விடைத்தாள் திருத்தப் போனவர் அவர். ஞானதாஸ் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் வாசற்கதவைச் சாத்திவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார். பள்ளி இறுதித் தேர்வு வாரியம் கொடுத்த விடைக்குறிப்பில் மூன்றாவது கோணம் எண்பது என்று இருந்ததாம். எழுபது எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் பூஜ்யமாம்.

எண்பது எங்கிருந்து வந்தது என்று விளக்க, வாரியத்தின் ரகசியக் காப்பு முறையைக் கொஞ்சம் புகழ வேண்டியிருக்கிறது. கேள்வி தயாரித்தவர் முதலில் நாற்பது, அறுபது என்றுதான் கொடுத்திருந்தார். அதற்கு விடை எண்பது. கேள்வியை ஒரு உறையிலும் விடையை இன்னொரு உறையிலும் போட்டு அரக்கு வைத்து அனுப்பினார். கேள்வி உறையைப் பிரித்த குழு, போன வருஷமும் நாற்பதுதான் வந்தது என்பதைக் கண்டுபிடித்து, விழிப்போடு செயல்பட்டு அதை ஐம்பது ஆக்கியது. விடை உறையைப் பரீட்சை முடியுமுன் பிரிக்கக்கூடாது என்பது விதி. பரீட்சை முடிந்து அதைப் பிரித்தபோது கேள்விக் குழுவைக் கலைத்தாயிற்று. கேள்வியையும் விடையையும் ஒருசேரப் பார்க்கும் உரிமை வாரியத்தில் ஒரு மனிதருக்கும் கிடையாது. இரண்டும் கையில் இருப்பது திருத்தும் ஆசிரியருக்கு மட்டும்தான். அவர் யோசிக்கக்கூடாது என்று தனி விதி இருக்கிறது.

"நானும் பூஜ்யம்தான் போட்டேன்," என்றார் விசாலாக்ஷி டீச்சர். "நூத்து நாப்பது பேப்பர்ல போட்டேன். ரெண்டு பேர் எழுந்து கேட்டோம். சீல் வெச்ச கவர்ல வந்ததைவிட உங்களுக்கு அதிகமா தெரியுமோன்னார் கேம்ப் ஆபீசர். உக்காந்துட்டோம். ஆத்துல சொல்லக்கூட வெக்கப்பட்டுண்டு இருக்கேன்."

தான் சொன்னதாக எங்கும் சொல்லிவிட வேண்டாம் என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.

இரண்டு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு அலைச்சலா என்று சிலர் நினைக்கலாம். டீனாவுக்கு நர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க வேண்டும். பள்ளியின் தலைமை ஆசிரியை சிஸ்டர், பதினோராம் வகுப்பில் ஒரு இடத்தை ஜூலை பதினைந்துவரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் வைத்திருக்க மாட்டார். அக்டோபரில் மறுபடி எழுதலாம்தான். ஆனால் ஒரு வருஷம் பெண்ணை வீட்டில் உட்கார்த்தி வைக்க ஞானதாஸின் மனைவி லூயிசா சம்மதிக்கவில்லை. லூயிசாவின் தங்கை கிண்டியில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைக்கிறாள். டீனாவுக்காகச் சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். அந்தக் கம்பெனிக்குள் போன பெண் யாரும் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததாக அந்தத் தெருவில் சரித்திரமில்லை.

ஞானதாஸ் தி.நகரிலிருந்த வாரிய அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்த கண்காணிப்பாளர் சுவாமிநாதன் அவரிடம் மறுகூட்டல் படிவம் ஒன்றைக் கொடுத்தார். பத்தாம் நாள் பதில் வந்தது. டீனாவின் மதிப்பெண்கள் இரண்டு அலுவலர்களால் தனித்தனியே கூட்டப்பட்டன, இருவருக்கும் முப்பத்துமூன்றே வந்தது, கூட்டலில் பிழையில்லை என்பதை வாரியம் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டது. ஐம்பது, அறுபது, எண்பது கொண்ட முக்கோணம் உலகத்தில் கிடையாது என்று ஒரு மனுவும் எழுதிக்கொண்டு, ஞானதாஸ் கடிதத்தோடு மறுபடி கவுன்டருக்குப் போனார்.

"சார், இது நீங்கோ போட்ட மார்க்கோட கூட்டல். நா சொல்றது முக்கோணத்துல கீற கூட்டல். அத்த ஒருதபா கூட்டிப் பாருங்கோ."

சுவாமிநாதன் கெட்டவரில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "மார்க்கைக் கூட்டறதுக்கு எனக்கு ஆர்டர் இருக்கு. கோணத்தைக் கூட்டறதுக்கு இந்தக் கட்டடத்துல யாருக்கும் ஆர்டர் இல்லை."

அடுத்த நாள் ஞானதாஸ் அந்த ரீப்பர் முக்கோணத்தையே எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் அது நாலு பேர் விலாவில் குத்தி, நாலு பேரிடமும் வசவு வாங்கிக் கொடுத்தது. வாரிய வாசலில் வாட்ச்மேன் வழிமறித்தார். உள்ளே கொண்டுபோகும் பொருள்களுக்கான பதிவேட்டில் முக்கோணத்துக்குப் பத்தி இல்லை. அரைமணி நேர ஆலோசனைக்குப் பிறகு அது "நாற்காலி, இருக்கையும் ஒரு காலும் இல்லாதது" என்று பதிவாயிற்று. திரும்பும்போது அதே நிலையில் கொண்டுபோவேன் என்று ஞானதாஸ் கையெழுத்துப் போட்டார்.

துணைச் செயலர் வேதாந்தம் அவரை உட்காரச் சொன்னார். அதுவே பெரிய விஷயம். முக்கோணத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார், மூலைகளைத் தடவினார், வேலை சுத்தம் என்று பாராட்டினார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஞானதாஸ், நான் எம்.எஸ்ஸி. மேத்ஸ். யூனிவர்சிட்டில மெடல் வாங்கினவன். மூணையும் கூட்டினா நூத்தியெண்பதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், வாசல்ல வாட்ச்மேனுக்கும் இப்போ தெரிஞ்சிருக்கும். ஆனா வாரியத்துக்குத் தெரியும்னு ஒரு காகிதத்துல வந்துடக்கூடாது. வந்துதுன்னா லட்சக்கணக்கான பேப்பரைத் திரும்பப் பிரிக்கணும். எழுபது எழுதினவனுக்கு ரெண்டு மார்க் குடுத்துடலாம், அது சுலபம். கழிக்கத் தெரியாம எண்பதுன்னு எழுதிப் பாஸாகிட்டானே, அவன்கிட்டேர்ந்து பிடுங்க முடியுமா? தப்புப் பண்ணிப் பெயிலானவனைத் திருத்தலாம். தப்புப் பண்ணிப் பாஸானவனைத் திருத்தவே முடியாது. இந்த ஆபீஸ்லயே அப்படி எத்தனை பேர் இருக்கோம் தெரியுமா?"

ஞானதாஸ் முக்கோணத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எம் பொண்ணுக்கு மட்டும் ரெண்டு மார்க் போட்டுடுங்கோ சார் என்று கேட்டார். ஒரு பெண்ணுக்கு மட்டும் முக்கோணத்தை மாற்ற முடியாது என்றார் வேதாந்தம். ஆனால் மனு என்று வந்துவிட்டதால் அதை நிபுணர் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும், ஜூலை பதினைந்துக்குள் முடித்துக் கொடுப்பது தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். ஞானதாஸ் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். வாசலில் வாட்ச்மேன் முக்கோணத்தைச் சரிபார்த்து, இருக்கை இன்னமும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வெளியே விட்டார்.

நிபுணர் குழுவில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் மூன்று பேர். அடையாறில் வாரியத்தின் விருந்தினர் மாளிகையில் கூடினார்கள். முதல் கூட்டத்தில் முக்கோணம் என்றால் என்ன என்று வரையறுத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதிசெய்தார்கள். மூன்றாவது கூட்டத்தில், மூவரிலும் மூத்தவர் ஒரு பூகோள உருண்டையைக் கொண்டுவரச் சொன்னார். அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, மெதுவடையை முடித்துக்கொண்டு, அறிக்கையைச் சொல்லச் சொல்ல மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள்.

அறிக்கையை ஞானதாஸுக்குப் படித்துக் காட்டும் வேலை சுவாமிநாதன் தலையில் விழுந்தது.

"வினாவில் குறிப்பிட்ட முக்கோணம் சமதளத்தின்மேல் வரையப்பட்டது என்று எங்கும் கூறப்படவில்லை. பூமி உருண்டையானது என்பதை இக்குழு ஒருமனதாக ஏற்கிறது. உருண்டையின்மேல் வரையப்படும் முக்கோணத்தின் கோணங்கள் நூற்றெண்பதைத் தாண்டும். பாரத தேசத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றே மேற்பட்ட பரப்புள்ள முக்கோணத்தில் அவை நூற்றுத் தொண்ணூறை எட்டும். ஆகவே ஐம்பது, அறுபது, எண்பது என்பது முற்றிலும் சரி. முக்கோணத்தைத் தானாகவே சிறியதென்று கருதிக்கொண்டது மாணவியின் குறுகிய கண்ணோட்டத்தையே காட்டுகிறது."

ஞானதாஸ் கவுன்டர் பலகையின் அகலத்தைச் சாணால் அளந்து பார்த்தார். பிறகு, அவ்வளவு பெரிய முக்கோணத்தைப் பரீட்சை பேப்பரில் எப்படி சார் போடுவது என்று கேட்டார். சுவாமிநாதன் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கூடுதல் தாள் கேட்டால் கொடுக்கப்படும் என்றுதான் இருக்கிறது, உங்கள் பெண் கேட்டிருக்கலாமே என்றார்.

இத்தோடு விட்டிருந்தால் ஞானதாஸ் நாலு நாள் வாரியத்தைத் திட்டிவிட்டு அடங்கியிருப்பார். ஆனால் வாரியத்தில் இன்னொரு விதி இருந்தது. நிபுணர் அறிக்கை எதையும், அதை மெய்ப்பிக்கும் மாதிரிப் பொருள் இல்லாமல் வாரியக் கூட்டத்தில் வைக்கக்கூடாது. மாதிரிப் பொருள் அலுவலக பீரோவில் அடங்க வேண்டும். அதாவது ஒன்றரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. பாரத தேசத்தைப்போல் இரண்டு மடங்கு முக்கோணத்தை ஒன்றரை அடியில் செய்து தர வேண்டும். வேதாந்தம் ஆள் அனுப்பி ஞானதாஸை வரவழைத்தார்.

"நீங்களே பண்ணிக் குடுத்துடுங்கோ. உங்க கை சுத்தமான கை. மாடல் வந்தாத்தான் அறிக்கை மேஜைக்கு வரும், அறிக்கை வந்தாத்தான் உங்க மனு வரும். பதினொண்ணாம் தேதி மீட்டிங். அனுதாபத்தோட பார்ப்போம்."

அனுதாபம் என்ற சொல்லை ஞானதாஸ் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு மதிப்பெண் என்பதற்கு ஆபீஸ் பாஷையில் அப்படித்தான் சொல்வார்களோ என்று தோன்றியது. லூயிசா யோசிக்கவே இல்லை. "அவங்கோ கேக்கறத செஞ்சி குட்த்துடுய்யா. பெரிய மனுசனுங்கோ. ஒரு கட்டைக்கோசரம் பொண்ணு வாழ்க்கைய கெட்த்துக்காதே," என்றாள். டீனாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் சிஸ்டரிடம், இடம் இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நல்ல தேக்கில் மூன்று சட்டம் எடுத்து இழைத்தார் ஞானதாஸ். ஐம்பதும் அறுபதும் வைத்தார். மூன்றாவது எழுபதில் போய் உட்கார்ந்தது. பிரித்துவிட்டு அறுபதும் எண்பதும் வைத்தார். மூன்றாவது நாற்பதுக்குச் சுருங்கியது. ஐம்பதும் எண்பதும் வைத்தார். ஐம்பதே திரும்ப வந்தது. ஒரு பகல் முழுக்க அந்த மூன்று கட்டைகளோடு மல்லுக்கு நின்றார். பத்து பாகையை எங்கே ஒளித்து வைத்தாலும் மரம் அதைக் கொண்டுவந்து முன்னால் போட்டது.

மறுநாள் மத்தியானம், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். எழுபது மூலையின் உள்பக்கத்தில் மரத்தூளையும் வஜ்ரப் பசையையும் குழைத்து அப்பினார். காய்ந்ததும் அதை எண்பதுக்கு வழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்தார். கோணமானியை உள்ளே வைத்தால் எண்பது காட்டியது. வேலை தெரியாதவன், அறுக்கத் தெரியாமல் அறுத்துவிட்டு மூலையில் தூள் அடைப்பான். ஞானதாஸ் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு மூலையிலும் தூள் அடைத்ததில்லை. அன்றைக்கு அவருக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை அடையாறில் கூட்டம் நடந்தது. முக்கோணத்தை வெல்வெட் துணி விரித்த மேஜைமேல் வைத்திருந்தார்கள். மூன்று அலுவலர்கள் மூன்று கோணமானிகளோடு வந்து ஆளுக்கொரு மூலையை அளந்தார்கள். ஐம்பது. அறுபது. எண்பது. கைதட்டல் எழுந்தது. வேதாந்தமும் கைதட்டினார், மூலையைத் தடவிப் பார்க்க மட்டும் அவர் மேஜைப் பக்கம் வரவில்லை. வாரியத் தலைவர் எழுந்து பேசினார்.

"இதுவரை இந்த வாரியத்தின் விடைகளை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டு வந்தோம். இன்று தொட்டுப் பார்க்கிறோம். சிலர் கேட்கிறார்கள், உண்மைக்கும் விடைக்குறிப்புக்கும் வித்தியாசம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. நாங்கள் ஒருநாளும் விடைக்குறிப்பைக் கைவிட்டதில்லை. உண்மை கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். பிறகு இந்த எளிய தச்சரைப்போல் யாராவது ஒருவர் வந்து அதை வழிக்குக் கொண்டுவருவார். வாரியம் எழுபது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது."

தலைவர் தம் கையாலேயே ஞானதாஸுக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். ஞானதாஸ் போட்டோகிராபரைப் பார்க்காமல் வேதாந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதாந்தம், ஆகட்டும் பார்க்கலாம் என்பதுபோல் தலையை அசைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் பொன்னாடையை மடித்துத் தோள்பையின் அடியில் வைத்துக்கொண்டார். லூயிசாவிடம் மட்டும், வேலை முடிந்த மாதிரிதான் என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை, சிஸ்டர் சொன்ன கெடுவுக்கு ஒருநாள் முன்னால், பதிவுத்தபாலில் ஆணை வந்தது. தமிழில் எழுபத்தொன்பது வாங்கியவள் என்பதால் டீனாவே உரக்கப் படித்தாள்.

"மாணவி செல்வி டீனாவின் தந்தை, ஐம்பது, அறுபது, எண்பது பாகைகள் கொண்ட முக்கோணம் உலகில் இருக்க முடியாது என்று தம் மனுவில் வாதிட்டிருந்தார். ஆனால் மனுதாரரே 11.7.95 அன்று அத்தகைய முக்கோணம் ஒன்றைத் தம் கைப்படச் செய்து, வாரியத்தின் முன் சமர்ப்பித்து, அது அளக்கப்படுகையில் உடனிருந்து, பொன்னாடையும் ஏற்றுக்கொண்டார். எனவே அவரது வாதம் அவரது கையாலேயே பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது. மனு அனுதாபத்துடன் பரிசீலிக்கப்பட்டுத் தள்ளுபடி செய்யப்படுகிறது."

கடைசி வரியை அவள் இரண்டாம் தடவை மனசுக்குள் படித்தாள். லூயிசா அடுப்படிக்குப் போய்விட்டாள். டீனா அழவில்லை, கத்தவும் இல்லை. காகிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா நைனா, நெஜமாவே செஞ்சியா?"

"உனக்கோசரம்தாம்மா."

"எந்த மூலையில தூள் அடைச்சே?"

"எண்பதுல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டீனா சித்தியோடு கிண்டிக்குக் கிளம்பினாள். ஞானதாஸ் பஸ் ஸ்டாப்வரை கூட வந்தார். சித்தி முன்னால் போய்ப் பெண்கள் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். அப்பாவும் மகளும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பஸ் லைட்ஹவுஸ் பக்கமிருந்து திரும்பி வருவது தெரிந்தபோது டீனா சாதாரணமாக, கடையில் என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"அக்டோபர்ல லீவு போட்டு எழுதறேன் நைனா. அதே கணக்கு வந்துச்சின்னா எண்பதுன்னு எழுதிடறேன்."

வேண்டாம்மா, எழுபதுன்னே எழுது என்றுதான் சொல்ல நினைத்தார் ஞானதாஸ். பத்து பாகை சேர்த்துச் செய்தவருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எழுதிடும்மா," என்றார்.